352 என்று எழுதிய சனிக்கிழமை

1. கிழிசல் 19 சென்டிமீட்டர்

வண்டியைச் சங்கிலி கட்டிப் பட்டறைக்குள் இழுத்துக்கொண்டு வந்தபோது திங்கட்கிழமை காலை மணி பத்து நாற்பது. முன் இடது டயரின் பக்கவாட்டில் கத்தி வைத்துக் கீறியது போல ஒரு கிழிசல். டேப் வைத்து அளந்தேன். 19 சென்டிமீட்டர். இடது மட்கார்டில் பாதி இல்லை. காதர் பாய் ஐந்து வாரம் அடுக்கடுக்காக ஒட்டி, தேய்த்து, மறுபடி ஒட்டிச் செய்த ஃபைபர் மட்கார்டு அது. முன் பம்பருக்குள் கருவேல முள்ளும் கரிசல் மண்ணும் அடைத்துக் கிடந்தன.

ஓட்டிவந்த டிரைவர் கருப்பசாமி வண்டியோடு வரவில்லை. எம். புதுப்பட்டி ரோட்டில் ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி இறங்கும்போது டயர் வெடித்து வண்டி ஓடைக்குள் போய்விட்டது. அவருக்கு நெற்றியில் தையல், வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் இருந்தார்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு பட்டாசுக் கம்பெனியின் சின்ன முதலாளி. பின்னாலேயே இன்னொரு காரில் வந்து இறங்கினார். டிரைவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் அன்றைய டைரிப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

"அவன் நல்லாத்தான் இருக்கான். வண்டியைத்தான் கொன்னுட்டான்."

இது நடந்தது 2006 மார்ச் கடைசியில். இத்தனை வருடம் ஆகியும் அந்த வரியைப் படித்தால் எனக்குக் காது சுடுகிறது. ஆனால் அவரைத் திட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. பட்டறை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதில் திட்டு வாங்க வேண்டியவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் நான்.

2. தரையோடு படுத்த வண்டி

நான் அப்போது சிவகாசி – விருதுநகர் ரோட்டில் ஒரு பாடி பில்டிங் பட்டறையில் போர்மேன். பதினான்கு வருட சர்வீஸ். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்களுக்குப் பாடி கட்டுவதுதான் எங்கள் அன்றாட வேலை. பட்டறை முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம்.

அதற்கு முந்தைய நவம்பரில், தீபாவளி சீசன் முடிந்து ஊர் ஓய்ந்திருந்த சமயம், சின்ன முதலாளி ஒரு பழைய பெட்ரோல் காரோடு வந்தார். நாலு கதவு கார். எந்தக் கம்பெனி வண்டி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். சேஸிஸ் துருப்பிடிக்காமல் நன்றாக இருந்தது. கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த அவர், மடித்த ஒரு பத்திரிகைப் படத்தைப் பானட் மேல் விரித்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு கதவுதான் இருக்கணும். கூரை பின்னாடி சரிஞ்சு வரணும். மட்கார்டு வீங்கின மாதிரி வெளியில வரணும். அகல டயர். வண்டி தரையோட படுத்திருக்கணும்."

"படுக்க வச்சிருவோம் தம்பி," என்றார் அண்ணாச்சி.

"படுத்த வண்டி எந்திரிச்சு ஓடவும் செய்யணுமா தம்பி, இல்ல படுத்தே கிடந்தாப் போதுமா?" என்று கேட்டேன்.

எல்லாரும் சிரித்தோம். சின்ன முதலாளியும் சிரித்தார். அப்போது அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசைதான். பதினான்கு வருடமாகப் பெட்டி பெட்டியாக வேன் கட்டியவனுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டக் கிடைக்கிறது.

வண்டி எதற்கு என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். அடுத்த சீசனுக்கு ஒரு புது கிஃப்ட் பாக்ஸ் போடுகிறார்கள். அதன் மூடியில் இந்தக் காரின் படம் வர வேண்டும். லேபிள் அச்சுக்குப் போக வேண்டுமென்றால் மார்ச் முடிவதற்குள் போட்டோ எடுத்தாக வேண்டும்.

"மூடியப் பாத்தாலே டீலருக அசந்துரணும்," என்றார்.

3. ஆறு மணி அளவு

என் டைரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சிவகாசியில் டைரிக்குப் பஞ்சமில்லை. தேதியோ கிழமையோ தப்பாக விழுந்த டைரிகளை அச்சகத்தில் ஒதுக்கிப் போடுவார்கள். அதில் ஒன்றை வருடா வருடம் வாங்கிவந்து, கிழமைகளைப் பேனாவால் திருத்திவிட்டு எழுதுவேன். பட்டறையில் நடக்கும் ஒவ்வொரு வேலையும் அதில் இருக்கும். வாடிக்கையாளர் யாராவது சந்தேகம் கேட்டால் அண்ணாச்சி மேஜை டிராயரைத் திறந்து அதைத்தான் எடுத்து நீட்டுவார். "எங்க போர்மேன் எளுதிட்டான்னா அளவு மாறாது" என்பார். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்தக் கார் வேலையில் நான் வைத்துக்கொண்ட முறை இது. ஸ்பிரிங் மாட்டிய நாள் முதல், தினமும் மாலை ஆறு மணிக்கு, சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, காற்று சரிபார்த்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுவது. புது ஸ்பிரிங் முதல் சில நாள் கொஞ்சம் உட்காரும். எவ்வளவு உட்காருகிறது என்பது தெரிய வேண்டும்.

வேலை நன்றாகவே நடந்தது. கூரையை அறுத்து, பின் தூணைச் சரித்து, கதவை நீட்டினோம். நடுவில் அறுத்ததால் பாடி தளராமல் இருக்க, சேஸிஸுக்குக் குறுக்கே இரண்டு பைப் சேர்த்தோம். காதர் பாய் விருதுநகர்க்காரர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, கோவில் கோபுரப் பொம்மை, கப்பல் மாதிரி எல்லாம் ஃபைபரில் செய்துகொண்டிருந்தவர். களிமண்ணில் மோல்டு எடுத்து, ஃபைபர் மேட் விரித்து, ரெசின் தடவி, மட்கார்டு நான்கையும் முன் பம்பரையும் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். மேடு பள்ளம் தெரிந்தால் மறுபடி எமரித் தாளால் தேய்ப்பார்.

"பாய், போதும் விடுங்க. கண்ணாடி மாதிரி இருக்கு," என்றால், "உங்க டேப்புக்குத் தெரியாது அண்ணே, என் கைக்குத் தெரியும்," என்பார்.

முன் ஸ்பிரிங்கை அளவு கொடுத்து மதுரையில் புதிதாகச் சுற்றி வாங்கினோம். கொஞ்சம் குட்டை, கம்பி கொஞ்சம் கனம். அதற்கேற்ற ஷாக் அப்சர்பர். பின்னால் பட்டையை வளைவு குறைத்து மாட்டினோம். பழைய வண்டியை விட உயரம் குறைவு. முன் இடது 352 மில்லிமீட்டர். டயரின் உச்சிக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையில் நான்கு சென்டிமீட்டர் இடைவெளி.

சின்ன முதலாளிக்கு அந்த நான்கு சென்டிமீட்டர்தான் கண்ணை உறுத்தியது.

"போர்மேன், இந்தச் சந்து தெரியக் கூடாது. இன்னும் ரெண்டு விரல் இறக்குங்க."

"இறக்க முடியாது தம்பி. பள்ளத்துல விளுந்தா டயர் மேல ஏறும்ல, அதுக்கு இடம் வேணும். இன்னும் இறக்கினா சக்கரத்தைத் தாங்குற லோயர் ஆர்ம், அது ரொம்ப மேல ஏறாம தடுக்கிற பம்ப் ரப்பர்ல போய் உக்காந்துரும். அப்புறம் ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி."

"அந்த ரப்பரைக் களட்டிருங்க."

"களட்டினா டயர் நேரா மட்கார்டு உள்ள இருக்கிற போல்ட்டுல போய்க் குத்தும்."

"கோயம்புத்தூர்ல பசங்க எல்லாம் வெட்டிட்டு ஓட்டுறானுக."

"அவுக ரோடு வேற. நம்ம ரோட்டுல மாடு கூடப் பாத்துத்தான் கால் வைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

4. கருப்பசாமி

கருப்பசாமி அந்தக் கம்பெனியின் வேன் டிரைவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் காலையில் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து இருபத்திரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனியில் விட்டு, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். நடுவில் நேரம் கிடைக்கும்போது சின்ன முதலாளியின் காரை ஓட்டிப் பார்க்க எங்கள் பட்டறைக்கு வருவார். ஓட்டிவிட்டு வந்து அவர் சொல்வது எனக்கு மிகவும் உபயோகமாக இருக்கும். "மூணாவது கியர்ல வலப்பக்கம் லேசா இளுக்குதுண்ணே" என்பார். அளந்து பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

அவர் குடும்பத்தில் எல்லாரும் பட்டாசு வேலைதான். அவருடைய அண்ணன் ஒரு விபத்தில் கையில் மூன்று விரல் இழந்தவர். ஒருமுறை டீ குடித்துக்கொண்டே சொன்னார்:

"நான் ஸ்டியரிங் புடிக்கிற வரைக்கும் எம் பொஞ்சாதி வெடிமருந்து ரூம்ல உக்காரக் கூடாதுண்ணே. வீட்டுல இருந்து பேப்பர் குளாய் சுத்தட்டும், டப்பா ஒட்டட்டும். மருந்து மட்டும் வேண்டாம். கலியாணத்தன்னைக்கே சொல்லிட்டேன்."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் அவரோடு கம்பெனிக்குப் போனேன். கேட்டுக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையின் உயரத்தை அளக்க வேண்டியிருந்தது. 110 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால்தான் வண்டி உள்ளே போகும். அளந்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் ஒரு ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். எந்த ரூமில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று கட்டம் கட்டமாக இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. அவர் வெள்ளிக்கிழமைக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வெள்ளிக்கிளமை இன்னும் வரலையே?"

"வரத்தான போகுது," என்றார் தலையைத் தூக்காமல். "எல்லா நாளும் நாலு நாலு பேருதான். எப்ப எளுதினா என்ன?"

சட்டப்படி நாலு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அந்த ரூம்களில் சில நாள் அதற்கு மேலும் உட்காருவார்கள் என்று வெளியே வந்ததும் கருப்பசாமி சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று இரவு டைரியில், "நடக்காத நாளின் கணக்கை இன்றே எழுதுகிறவன் கையில் பேனா கொடுக்கவே கூடாது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அடிக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது. இன்றும் நேராக இருக்கிறது.

5. சனிக்கிழமை, பகல் 12.40

மார்ச் கடைசியில் அந்தச் சனிக்கிழமை, கோவில்பட்டியில் என் தங்கை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் நான். சீர் வரிசையோடு அன்று மாலையே போய்ச் சேர வேண்டும். பகல் ஒன்றரை மணிக்குப் பேருந்து.

காரில் பாக்கி வேலை கொஞ்சம் இருந்தது. அதில் முக்கியமானது, மட்கார்டைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளின் உள் முனை 12 மில்லி நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டி, மேலே மூடி போடுவது. அதைத் திங்கட்கிழமைக்கு எழுதி வைத்தேன். பம்ப் ரப்பர் இருக்கும்வரை டயர் அந்த முனையைத் தொடாது. ஆகவே அவசரமில்லை.

பிறகு பேனாவை மூடிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. மாலை ஆறு மணிக்கான கட்டம் காலியாக இருந்தது. பதினான்கு வருடத்தில், நான் வேலைக்கு வந்த எந்த நாளிலும், எழுத வேண்டிய கட்டம் காலியாகக் கிடந்ததில்லை. காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சட்டையில் பொத்தான் போடாத மாதிரி இருக்கும். வண்டியை யார் தொடப்போகிறார்கள்? ஐந்து நாளாக ஸ்பிரிங் ஒரு மில்லிகூட இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்து எழுதினேன். "மாலை 6.00. மு.இ. 352, மு.வ. 353, பி.இ. 361, பி.வ. 360." கீழே கையெழுத்து. மணி பகல் 12.40.

அதற்குப் பிறகு நடந்ததை, திங்கட்கிழமை அடிபட்ட வண்டி வந்ததும், காதர் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சனிக்கிளமை நாலு மணிக்கு சின்ன மொதலாளி போட்டோக்காரரோட வந்தாரு அண்ணே. 'நாளைக்குக் காலைல ஏளு மணிக்கு போட்டோ. வண்டி இப்படி நின்னா ஆட்டோ மாதிரி இருக்கும்'னாரு. அண்ணாச்சி உடனே கேஸ் வெல்டிங்க எடுக்கச் சொல்லிட்டாரு. நான் சொன்னேன், 'போர்மேன் வரட்டும்'னு. 'போர்மேன் ஆறு மணி வரைக்கும் எளுதி முடிச்சிட்டுப் போயிட்டான், இனி அவனுக்கு என்ன'ன்னாரு."

என் டைரிப் பக்கம் அங்கே அனுமதிச் சீட்டாகப் போயிருக்கிறது.

காயில் ஸ்பிரிங்கை வண்டியில் இருந்தபடியே கேஸ் வைத்துச் சிவக்கச் சுட்டிருக்கிறார்கள். சுட்டால் ஸ்பிரிங் அப்படியே உட்காரும். அதோடு அதன் உயிரும் போய்விடும். லோயர் ஆர்ம் பம்ப் ரப்பரில் முட்டி நின்றதும் அதையும் கழற்றி வீசிவிட்டார்கள். இப்போது டயருக்கும் அந்த நான்கு போல்ட் முனைகளுக்கும் இடையில் தடுக்க எதுவும் இல்லை. ஞாயிறு காலை போட்டோ எடுத்தார்கள். வண்டி இரவு கம்பெனியில் நின்றது. திங்கள் காலை, பாக்கி வேலைக்காக அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் விடும்படி கருப்பசாமியிடம் சாவியைக் கொடுத்தார்கள். ஸ்பிரிங்கைச் சுட்டிருக்கிறோம் என்று ஒரு வார்த்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

6. வாய் திறக்காத மூன்று நிமிடம்

இனி, மறுபடியும் அந்தத் திங்கட்கிழமை. வண்டிக்கு அடியில் படுத்து எல்லாவற்றையும் பார்த்தேன். ஸ்பிரிங்கில் பெயிண்ட் வெந்து உரிந்திருந்தது. கம்பி நீலம் பூத்திருந்தது. வெளியே வந்தேன்.

"டிரைவர் மேல தப்பில்ல தம்பி. ஸ்பிரிங்கைச் சுட்டிருக்கு. பம்ப் ரப்பர் இல்ல. போல்ட்டு டயரை அறுத்திருக்கு."

சின்ன முதலாளியின் முகம் மாறியது. அண்ணாச்சி மேஜைக்குப் போய் டிராயரைத் திறந்தார். என் டைரியை எடுத்து வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.

"சனிக்கிளமை, மாலை ஆறு மணி. முன் இடது முன்னூத்தி அம்பத்திரெண்டு. கையெளுத்து யாருது வேலு? உன்னுதுதான? வண்டி பட்டறைய விட்டுப் போகும்போது சரியாத்தான் போயிருக்கு. அதுக்கு அப்புறம் டிரைவர் எந்தப் பள்ளத்துல விட்டானோ."

அது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவர் கண்ணில் லேசான சிரிப்பு இருந்தது. இப்போது நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "நான் ஆறு மணிக்கு இங்கே இல்லை, அளக்காமல் எழுதினேன்."

சொல்லவில்லை. காதர் பாய் இருந்தார், வெல்டர் இருந்தார், டிங்கர் ஆட்கள் இருந்தார்கள். என் அளவு மாறாது என்று பதினான்கு வருடம் கேட்டவர்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று எட்டு வரை.

"அப்ப சரி. அவன் வேகமாத்தான் வந்திருப்பான். களுதைய வேலைய விட்டு அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டுச் சின்ன முதலாளி காரில் ஏறினார்.

மறுநாள் நான் வந்தபோது அந்த ஸ்பிரிங் இரண்டும் பழைய இரும்புக்குப் போயிருந்தன.

கருப்பசாமிக்கு வேறு எந்தக் கம்பெனியும் வேலை தரவில்லை. மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்வார்கள். இருபத்திரண்டு பெண்களை நம்பி ஏற்றி அனுப்ப வேண்டிய வேலை. வண்டியைக் கவிழ்த்தவனுக்கு யார் சாவி கொடுப்பார்கள்? ஏப்ரலில் அவரைப் போய்ப் பார்த்தேன். கையில் மாவுக்கட்டு.

"சாப்பிட்டீகளாண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "நீங்க பெரிய மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. வண்டியப் பத்தி உங்களுக்குத்தான தெரியும். பளையபடி வேலை வேண்டாம். எந் தப்பு இல்லன்னு ஒரு பேப்பர் குடுத்தாப் போதும். வேற எங்கனயாச்சும் ஓட்டிக்கிருவேன்."

"பாக்குறேன்," என்றேன். வீட்டில் அவர் மனைவி இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

7. உங்கள் டப்பா

ஜூன் முதல் வாரம் அண்ணாச்சி குஷியாக வந்தார். கையில் புது கிஃப்ட் பாக்ஸின் மூடி. மாதிரி அச்சு. சிவப்பு நிறத்தில் எங்கள் கார், பக்கவாட்டில் எடுத்த படம், பின்னால் வாணவெடி. அதைப் பட்டறைச் சுவரில் பசை போட்டு ஒட்டினார்.

எல்லாரும் போன பிறகு அதற்கு எதிரே நின்றேன். மட்கார்டு விளிம்பு டயரின் உச்சியை மூடியிருந்தது. நான்கு சென்டிமீட்டர் சந்து எங்கே?

மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் வெர்னியரை எடுத்தேன். ரிம்மின் வெளி விளிம்பு நிஜத்தில் 458 மில்லி. படத்தில் 38.2. ஆக, படத்தில் ஒரு மில்லி நிஜத்தில் பன்னிரண்டு. படத்தில் முன் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு 25.7. பெருக்கினால் 308. கேமரா கோணத்துக்காக ஐந்து மில்லி முன்னே பின்னே வைத்துக்கொண்டாலும் 352 வராது. விபத்துக்கு முந்தைய நாள் காலையிலேயே வண்டி நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஸ்பிரிங்கை இரும்புக்கடையில் போட்டவர்கள் இதை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப் போகிறார்கள்.

மறுநாள் காலை இன்னொரு மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன்.

"பெரிய மொதலாளியப் பாக்கப் போறேன். கருப்பசாமி விஷயமா."

"போனா திரும்பி இந்தப் பட்டறைக்குள்ள கால் வைக்காத."

"வைக்கல. வெர்னியர் என்னுது, எடுத்துக்கிட்டுப் போறேன். டைரியும் என்னுது."

கருப்பசாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய முதலாளி, சின்ன முதலாளியின் அப்பா, வயதானவர். மூடியை மேஜையில் வைத்து, அளந்து காட்டி, கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். பிறகு டைரியைத் திறந்து அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தையும் காட்டினேன்.

"இது நான் எளுதினது. பொய். மத்தியானமே எளுதிட்டு ஊருக்குப் போயிட்டேன். இதை வச்சுத்தான் இவரை வேலைய விட்டு அனுப்பினாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீயே பொய் எளுதுற ஆளுன்னா, இப்பப் போட்ட கணக்கை மட்டும் நான் எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாங்க. இந்தப் போட்டோவை நான் எடுக்கல. இது உங்க டப்பா."

அவர் வெர்னியரைத் தன் கையில் வாங்கினார். பட்டாசுக் குழாய் அளந்து பழகிய கை. ரிம்மை அளந்தார், விளிம்பை அளந்தார். இரண்டு முறை. பிறகு கருப்பசாமியைப் பார்த்தார்.

"எத்தனை வருசமா ஓட்டுற?"

"ஒம்பது வருசங்க. ஒரு கீறல் கிடையாதுங்க."

பெரிய முதலாளி மகனைக் கூப்பிடவில்லை. திட்டவுமில்லை. மேனேஜரை அழைத்து, வண்டியின் கோளாறுதான் விபத்துக்குக் காரணம், ஓட்டுநர்மீது தவறில்லை என்று கம்பெனித் தாளில் அடித்துக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது.

தாள் வந்தது. தேதியைப் பார்த்தேன். விபத்து நடந்த திங்கட்கிழமை தேதி.

"இன்னைக்கு ஜூன் மாசம் சார்," என்றேன்.

"பளைய தேதி போட்டாத்தான் நல்லாருக்கும்," என்றார் மேனேஜர். "அன்னைக்கே நாங்க சொல்லிட்ட மாதிரி இருக்கும். எப்ப எளுதினா என்ன?"

அதே மேனேஜர். அதே வார்த்தை. அன்று சொல்லவே சொல்லாத ஒன்றை அன்றே சொன்னதாக எழுதிக்கொள்கிறார்கள். இரண்டு மாதத்தை ஒரே வரியில் இல்லாமல் ஆக்குகிறார்கள். வாயைத் திறந்தேன். கருப்பசாமி கட்டு அவிழ்த்த கையால் என் முழங்கையைப் பிடித்தார்.

"விடுங்கண்ணே," என்றார் மெதுவாக.

பெரிய முதலாளி கையெழுத்துப் போட்டார். கருப்பசாமி தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே, நான் அளந்த அந்த வேகத்தடைக்குப் பக்கத்தில் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டு மாசமா எம் பொஞ்சாதி மருந்து ரூம்ல உக்காருதாண்ணே. வேற வளி இல்ல. தினமும் நாலு மணிக்கே ரோட்டுல வந்து நிப்பேன். வேன் கண்ணுல படுற வரைக்கும் வீட்டுக்குள்ள போக மாட்டேன். ஒருநாள் வேன் பஞ்சர் ஆகி அரைமணி நேரம் லேட்டு. அந்த அரைமணி நேரத்த நீங்க எந்த டேப்ப வச்சு அளப்பீக?"

 

அந்தத் தாளைக் காட்டி மாதக் கடைசிக்குள் அவர் வேறு கம்பெனியில் வேனுக்குச் சேர்ந்தார். சேர்ந்த அன்றே மனைவியை மருந்து ரூமிலிருந்து நிறுத்திவிட்டார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதில் என்னுடைய பங்கோ, அண்ணாச்சியின் பங்கோ, சின்ன முதலாளியின் பங்கோ துளியும் கிடையாது.

நான் விருதுநகரில் காதர் பாயோடு சேர்ந்து தனியாக ஒரு பட்டறை போட்டேன். இன்றும் தினமும் அளந்து எழுதுகிறோம். எங்களிடம் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் அந்தப் பழைய டைரியை எடுத்துக் காட்டுகிறேன். சனிக்கிழமைப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. 352 என்ற எண்ணைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதி, எழுதிய நாளான ஜூன் மாதத் தேதியைப் போட்டிருக்கிறேன். அளக்க முடியாத நாளில் நீங்களும் அப்படியே எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.